இரண்டாவது படிக்கட்டு

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய் என்றுதான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

நம் பிரார்த்தனைக் கூடத்துக்கு மாடி கட்டி முடித்தாயிற்று. ஆறு வருடமாகத் தினமும் தச்சுப் பட்டறையை மூடியதும் நான் அங்கேதான் கிடந்தேன். ஜன்னல், கதவு, கைப்பிடி எல்லாம் என் கையால் இழைத்தவை. ஏப்ரல் 5 திறப்பு விழா. தீயணைப்புத் துறைச் சான்றிதழ்தான் பாக்கி. கோப்பு உன் மேசைக்குத்தான் வருமாம். செயலாளர் என்று என் பெயரைப் பார்த்ததும் சிரிப்பாய்.

மாடிக்கு ஒரு படிக்கட்டுதான் இருக்கிறது. இரண்டு வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதாம். கும்பிட வருகிற இடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? கொஞ்சம் பார்த்துச் செய். "மேலதான் காத்து வருது" என்று அம்மா இப்போதே மாடியில் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழுக்கப் படித்தேன். திட்டவும் செய்தேன், உனக்குக் கேட்டிருக்காது.

கோப்பு வந்தது. அண்ணன் கட்டியதற்குத் தங்கை கையெழுத்துப் போடக் கூடாது. அதனால் பக்கத்து மேசைக்காரரிடம் மாற்றிவிட்டேன். ஒரே படிக்கட்டு என்றால் அவர் திருப்பி அனுப்புவார். அனுப்பத்தான் வேண்டும்.

கோபம் வரும்போது அப்பாவை நினைத்துக்கொள். தினமும் பிரார்த்தனை முடிந்து, தட்டில் கை வைப்பதற்கு முன்னால், ஆளுக்கொரு தப்பைச் சொல்ல வேண்டுமே. யாரும் திட்டக் கூடாது, சொன்ன பிறகுதான் சாப்பாடு. நீ ஒரு வருடம் முழுக்க "தங்கச்சியக் கிள்ளிட்டேன்" என்றே ஒப்பேற்றினாய். அப்பா ஒருநாள், "மெதுவா நடந்து வந்த பெரியவருக்காக நிக்காம பஸ்ஸ எடுத்துட்டேன்" என்றார். அடுத்த லீவு நாளில் அந்த நிறுத்தத்தில் போய் நின்று அவரைத் தேடினார். வேலைக்கான சட்டமெல்லாம் நான் பிறகு படித்ததுதான். அதற்கு முன்பே நம் வீட்டில் பாதி படித்துவிட்டேன்.

உன் தங்கை

மார்ச் 20

தங்கைக்கு,

சான்றிதழ் வந்துவிட்டது. உன் பக்கத்து மேசைக்காரர் நேரில் வந்து பார்க்கக்கூட இல்லை. "அவங்க எனக்கும் தங்கச்சி மாதிரிதான்" என்று போனில் சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அந்நிய மனிதருக்கு இருக்கிற பாசம் கூடப் பிறந்தவளுக்கு இல்லை. நீ கோப்பைத் தள்ளிவிட்டாய் என்று கமிட்டியில் எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நின்றேன்.

விழாவுக்கு வா. வராவிட்டாலும் சரி.

அண்ணன்

மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாளில் கையெழுத்து விழுந்துவிட்டது. சுவரில் இன்னும் ஒரு வழிதானே இருக்கிறது?

ஏன் பார்க்காமல் போட்டீர்கள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் நான் கேட்கவில்லை. என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடி வந்து ரத்தம் கொடுத்தவர். தினமும் முகம் பார்க்க வேண்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விழாவுக்கு முன்னால் ஒருநாள் மாடி நிறைய ஆட்களை உட்கார வை. இறங்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார். அம்மா முதல் வரிசையிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

உன் தங்கை

ஏப்ரல் 6

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மேல் கோபம் தீராமலேதான் நீ சொன்னதைச் செய்தேன். நீ சொன்னது தப்பு என்று காட்டத்தான் செய்தேன்.

முந்தாநாள் மாலை, ஒத்திகை என்று சொல்லி இருநூறு பேரை மாடியில் உட்கார வைத்தோம். சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். பதினோரு நிமிடம் ஆயிற்று. கடைசியாக வந்தவள் அம்மா. படிக்குப் படி நின்று, "நீங்க போங்க, நான் மெதுவா வரேன்" என்று எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே வந்தாள். கைப்பிடி வழவழவென்று இருக்கிறது என்று என்னைப் பாராட்டினாள். நான் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நேற்று எண்ணூறு பேர் கூடியிருந்தார்கள். வரவேற்புரை பேச மேடை ஏறினேன்.

"எங்க வீட்ல சாப்பிடறதுக்கு முன்னாடி அன்னன்னைக்குப் பண்ண தப்பச் சொல்லிடணும். இன்னைக்கு இங்க சொல்றேன். என் தங்கச்சி முடியாதுன்னு சொன்னத வேற ஆள்கிட்ட வாங்கிட்டு வந்துட்டேன். மாடிக்கு ஒரு வழிதான் இருக்கு. இன்னொரு படிக்கட்டு கட்டற வரைக்கும் யாரும் மேல ஏற வேண்டாம்."

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கமிட்டித் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பிறகு வாசலில் டீ விற்பவர் எழுந்து, "என் அடுப்பு பாதிப் பாதைய அடைச்சுக்கிட்டிருக்கு, நாளைக்குத் தள்ளி வச்சிடறேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

மாலையே கமிட்டி கூடி என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. படிக்கட்டு வேலை மட்டும் என் தலையில்தான். கீழே காற்றே இல்லை என்று அம்மா என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். உன்னிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

உன் அண்ணன்

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். நல்ல குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்று எத்தனையோ மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். நீ மேடையேறி அதைச் செய்துவிட்டே இறங்கினாய். உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது. நேரில் சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

இப்போது என் முறை. போய்ப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டது எனக்கு இரண்டு வாரத்துக்கு மேலாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயாடி என்ற பெயர் மட்டும் எனக்கு.

இன்று காலை அவரிடமே முதலில் சொல்லிவிட்டு, மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். "உனக்காகத்தானேம்மா போட்டேன்" என்றார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வருடம் அவர் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு கட்டிடங்களையும் மறுபடி போய்ப் பார்க்கப் போகிறோம். முதலாவது ஒரு பள்ளிக்கூடம். நாளைக்கு நான் போகிறேன்.

சொன்ன பிறகுதான் சாப்பாடு என்பார் அப்பா. சொல்லிவிட்டேன், ஆனாலும் இன்னும் தொண்டையில் இறங்கவில்லை அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கீழே அம்மா பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வை.

உன் தங்கை