வேலி தெரியாத தோட்டம்

செங்கல்பட்டு ரயில் நிலையம்
9.2.1975

அன்பு மகளுக்கு,

தாவீது வேலை பார்க்கும் பங்களாத் தோட்டத்தை இன்று பத்திரிகைக்காரனாகப் போய்ப் பார்த்தேன். உங்கள் கல்யாணத்துக்கு வராத மாமனார் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை போட்ட தோட்டமாம். புல்வெளி நேராக ஏரிவரை ஓடுகிறது. நடுவில் வேலியே தெரியவில்லை. ஏரிக்கரையில் மேயும் எருமைகள் ஏன் உள்ளே வரவில்லை என்று பார்த்துக்கொண்டே நடந்தவன், புல்லுக்குள் மறைந்திருந்த நீளமான பள்ளத்தில் விழுந்துவிட்டேன். அந்தப் பள்ளம்தான் வேலி.

உன் கணவர் குதித்து வந்து தூக்கினார். "இன்னா சார், எருமையே பாத்து நின்னுகினு கீது. நீ போய் வுழுந்துட்டியே!" என்று சிரித்தார். பிறகு என்னை உட்காரவைத்து முழங்காலைக் கழுவிவிட்டார். பள்ளத்தின் ஓரப் புல்லை அவர்தான் கையால் வெட்டிச் சீராக்குகிறார். முப்பது வருஷமாக ஊர் சுற்றி எழுதுகிறேன், இத்தனை சுத்தமான வேலையை எங்கும் பார்த்ததில்லை.

"வூட்ல பொஞ்சாதி கீறா, டீ குடிச்சிட்டுப் போ சார்" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ரயில் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் அழைத்து வருகிறேன். விழுந்த ஆள் யாரென்று அதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு.

உன் அப்பா