பலகையை விட்ட கை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் மருமகளும் குட்டியும் சுகம்தானே என்று எழுதிவிட்டு மற்றதைச் சொல்லத்தான் ஆசை, ஆனால் இங்கே யாரும் சுகமாக இல்லை, அந்த வரியைப் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் "ஒரு நிமிஷம்மா, மார்க்கெட் ஆடுது" என்று என்னை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

அப்பாவின் வலது கை விரல்கள் போன வாரம் ரம்பத்தில் போய்விட்டன. மூன்று போனது, டாக்டரால் ஒன்றைத்தான் ஒட்ட முடிந்தது, அதுவும் மரத்துப்போய்க் கிடக்கிறது. உனக்குச் சொல்லவே கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. உனக்குத் தெரியும், நம் பட்டறையில் ரம்ப மேஜையில் இரண்டு பேர் நிற்பார்கள், ஒருவர் பலகையைத் தள்ள, இன்னொருவர் எதிர்ப்பக்கம் நின்று வாங்கி இழுக்க, பலகை முழுதாக வெளியே வரும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கக் கூடாது. நீயும் அங்கே நின்று வளர்ந்தவன்தான். உன் தம்பி என்ன செய்திருந்தான் தெரியுமா, பிளேடுக்கு மேல் இருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அந்த மூடியை மாட்டுகிற போல்ட்டிலேயே போனுக்கு ஒரு ஸ்டாண்டு முறுக்கி வைத்திருந்தான். பலகை தள்ளும்போது ஷேர் விலைக் கோடு ஏறுவதும் இறங்குவதும் கண்ணெதிரே தெரிய வேண்டுமாம். மூடி எங்கேடா என்று அப்பா கேட்டதற்கு "ஆடுதுப்பா, வெல்டிங்குக்குக் குடுத்திருக்கேன்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறான், அவரும் நம்பிவிட்டார். பெற்ற பிள்ளையை நம்பாமல் ரம்பத்துக்கு எதிரே யாரால் நிற்க முடியும்?

பலகை பாதி அறுந்து வரும்போது போன் சத்தம் போட்டது. இவன் இரண்டு கையையும் விட்டுவிட்டான். ஒரு கையால் போனைப் பிடித்து மறு கையால் அமுக்கியிருக்கிறான். தள்ளும் கை இல்லாத பலகை கோணி, பிளேடு அதைக் கவ்வி இவன் பக்கம் எறிந்தது, இவன் விலாவை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிப் பிளந்தது. அதன் மறுமுனையைப் பிடித்திருந்த அப்பாவின் கையையும் பிளேடுக்குள் இழுத்துக்கொண்டுதான் போனது. நான் அடுத்த அறையில் நாற்காலிக்குத் துணி இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், ரம்பத்தின் சத்தம் மாறியதும் ஓடினேன். அப்பா மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் எதையோ தேடினார். மரத்தூளில் விழுந்த ரத்தம் ஓடாது, கட்டி கட்டியாகத் திரண்டு நிற்கும். அந்தத் தூளைக் கையால் அளைந்து என் புருஷனின் விரல்களை நான் பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் உன் தம்பி இன்னும் போனை அமுக்கிக்கொண்டிருக்கிறான்.

அதற்கப்புறம் நான் நானாக இல்லை. உளி அடிக்கிற கொட்டாப்புளி கையில் கிடைத்தது, போனை மேஜையில் வைத்து நொறுக்கினேன், நொறுக்கிய கையோடு அவன் தோளிலும் போட்டேன், தலையில் போடத்தான் ஓங்கினேன், அவன் நகர்ந்ததால் தோள். அவன் என் கழுத்தைப் பிடித்துவிட்டான், பெரியவனே. நான் பெற்று வளர்த்த கை. "பாதிதாம்மா வித்திருக்கு, மிச்சம் அப்படியே நிக்குது" என்று முகத்தோடு முகம் வைத்துக் கத்துகிறான், அப்பா பக்கத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறார், இவனுக்கு மிச்சம் நிற்கிறதாம். பாலிஷ் போடுகிற அண்ணன் ஓடிவந்து ஒரு ரீப்பர் கட்டையால் அவன் முழங்காலுக்குப் பின்னால் விளாசித்தான் என்னைப் பிரித்தெடுத்தார். கழுத்தில் அவன் கட்டைவிரல் பதிந்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது, கடைக்குப் போனால் துணி சுற்றிக்கொண்டு போகிறேன். ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு அவன் நர்ஸ் பெண்ணிடம் போய் "அஞ்சு நிமிஷம் உங்க போன் தர்றீங்களா" என்று கேட்டான். யாருக்கோ தகவல் சொல்லத்தான் என்று அவளும் கொடுத்தாள். அவன் எதைப் பார்த்தான் என்று நான் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் முன்னால் அறைந்தேன், வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் வாயைத் திறந்தான். "என்னை மட்டும் அடிக்கிற, அண்ணன்தான் இப்பவே வித்துடு, ஒரு செகண்டு கூட நிக்காதேன்னு அனுப்பினான்." போன் போட்ட சத்தம் உன் சத்தம். அவன் பலகையைப் பிடித்திருந்தது உனக்குத் தெரியாது, நான் ஒப்புக்கொள்கிறேன், நீ வேண்டுமென்று செய்தாய் என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் வேலை நேரத்தில் அவன் எங்கே நிற்பான் என்பது உனக்குத் தெரியாததா? தனியாக ஆடப் பயந்து கூட ஆட ஆள் சேர்த்தாய், அவனுக்கு நீ சாமி மாதிரி, நீ சொன்னால் கிணற்றில் குதிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னைச் சபிக்க வாய் வருகிறது, வயிறு விடமாட்டேன் என்கிறது.

உன் கதையும் எனக்குத் தெரியும். மருமகள் சொல்லி அழுதாள், அவளைத் திட்டாதே, நான் குடைந்ததால்தான் சொன்னாள். பல் தேய்க்கும்போதும் போனாமே, கோடு இறங்கினால் தட்டு பறக்கிறதாமே, குட்டி காலைக் கட்டிக்கொண்டபோது உதறியதில் கதவில் இடித்து அவள் உதடு கிழிந்ததாமே. ஆபீசில் சம்பளம் வாங்குகிற வேலை, வீட்டில் பொன்னாக ஒரு பெண்டாட்டி, இன்னும் என்ன துரத்துகிறாய்? நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, சாயங்காலம் குட்டியை வெளியே கூட்டிக்கொண்டு போ, வெறுங்கையோடு போ. முதல் நாலு நாள் கை நடுங்கும், நடுங்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான், பட்டறை பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. அவனை உன்னிடம் அனுப்ப வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார், "பெரியவன் சொன்னாத்தான் கேப்பான், அவன்கிட்ட இருந்தா திருந்திருவான்" என்கிறார். டாக்டரிடம்கூட மரத்தில் கணு இருந்தது என்று சொல்லித்தான் சின்னவனைக் காப்பாற்றினார். அந்தச் செய்தி உன்னிடமிருந்து வந்தது அவருக்குத் தெரியாது. அவருக்குச் சோறு ஊட்டும் ஒவ்வொரு வேளையும் தொண்டை வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். நீ இதை அடியோடு விட்டுவிட்டேன் என்று உன் கைப்பட எழுதி அனுப்பினால் அவனைப் பஸ் ஏற்றுகிறேன். விட முடியாது என்றால் அதையும் எழுது, பொய் மட்டும் எழுதாதே, அவனை நான் இங்கேயே வைத்துக் கட்டி அழுகிறேன். நீ ஒருவன் இதில் போனது போதும், இரண்டாவது ஆளையும் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்ட மாட்டேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், குட்டியின் உதட்டில் என் முத்தம். அவள் காயம் ஆறிவிட்டதா என்று மறக்காமல் எழுது.

உன்னை அடிக்கவும் அணைக்கவும் கை துடிக்கும்
அம்மா

பி.கு: யாருக்கு எழுதுகிறாய் என்று அப்பா கேட்டார். உனக்கு என்றதும் தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டார், மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. இடது கை எழுத்து, கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

பெரியவனே, தம்பியை உன்னை நம்பி அனுப்புகிறேன். கையை விட்டுவிடாதே. அப்பா.