தைப்பூசம் முடிந்தும் விடாத விரதம்

வெள்ளிக்கிழமை, தைப்பூசம் கழிந்த மறுவாரம்

சோறு நெஞ்சில் சிக்குவதை விரதம் என்று சொல்லி இத்தனை நாள் மறைத்தேன். பாலும் கஞ்சியும்தான் இறங்கின. இந்த வருஷம் எனக்குப் பக்தி முற்றிவிட்டதாக என் மனைவி செல்வி, சூலியா தெருவில் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

செல்விக்குச் சொல்லாமல் கிளினிக்கில் கொடுத்திருந்த ரத்தச் சோதனையின் முடிவை வாங்க இன்று காலை போனேன். ரத்தத்தில் ஓடும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் புதுச் சோதனை அது.

"உணவுக்குழாய்ல புற்றுநோய் இருந்தா வர்ற அடையாளம் தெரியுது, அங்கிள்," என்றார் டாக்டர். "ஆனா இது மட்டும் போதாது. கேமரா குழாய் விட்டுப் பார்த்தாத்தான் நிச்சயம். திங்கட்கிழமை வாங்க."

"தப்பாவும் காட்டலாம்தானே?"

"காட்டலாம். அதுக்குத்தான் பார்க்கணும்ங்கிறேன்."

பேரம் பேசியே வளர்ந்தவன் நான். இதில் பேரத்துக்கு இடமில்லை. திங்கட்கிழமை கடைக்குச் சரக்கு வருகிறது, பிறகு பார்க்கலாம் என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மதியம் செல்வி இறால் சம்பலோடு சோறு வைத்தாள். விரதத்தை இன்னும் ஒரு மண்டலம் நீட்டியிருப்பதாகச் சொன்னேன்.

"எந்தச் சாமிலா இப்படிக் கேட்டுச்சு?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "முழுங்க முடியலையா, என்னங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தன் தம்பியை அழைத்து, திங்கட்கிழமை கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்தபின் அடுப்படியில் வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடியது.

எழுதிக்கொண்டே எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்க்கிறேன். இறங்குகிறது. மறுபடியும் விழுங்கிப் பார்க்கிறேன்.