பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நான் போட்ட கோலம்

ஜூன் 4, புதன்

நடைபாதையில் ஓடு பதிக்கிற வேலை இன்று முடிந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதி முனை வரைக்கும். காண்ட்ராக்டர் அரியமுத்து சாரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்த பிறகு முழுசாக என் பொறுப்பில் விட்ட முதல் வேலை.

மஞ்சள் ஓடு இரண்டு தினுசில் வந்து இறங்கியது. ஒன்றில் புள்ளி புள்ளியாக மேடு, இன்னொன்றில் நீளப் பட்டை. வரைபடத்தில் நடைபாதை நடுவே ஒரு மஞ்சள் கோடு இருக்கிறதே தவிர எதை எங்கே போடுவது என்று ஒன்றும் இல்லை. "எப்படி மேடம் போடறது?" என்று கொத்தனார் சாமிதுரை அண்ணன் கேட்டார். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே. குச்சியை எடுத்து மணலில் போட்டுக் காட்டினேன். புள்ளி, பட்டை, புள்ளி, பட்டை. அங்கங்கே புள்ளி ஓட்டை மட்டும் சேர்த்து ஒரு பூ. மார்கழி முழுக்க வாசலில் குனிந்த கை சும்மா இருக்குமா?

அண்ணன் பிசிறில்லாமல் பதித்திருக்கிறார். "என் முதல் ரோடு" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "கம்பிக் கோலம் மாதிரியே இருக்குடி" என்றாள்.

ஜூன் 7, சனி

ஜவுளிக்கடை வாசலில் இருக்கிற பூவில் ஒரு கல்யாண ஜோடி நின்று போட்டோ எடுத்தார்கள். பேப்பரிலும் படம் வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. பரவாயில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

நீலப் புடவை கட்டிய ஒரு அக்கா ஒவ்வொரு பூவிலும் நின்று நின்று போனார்கள். நான் எதிர்ப்பக்கம் கலவை வண்டிக்குப் பின்னால் இருந்ததால் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரசனை உள்ளவங்க.

ஜூன் 11, புதன்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் டீக்கடையில் நின்றிருந்தேன். முனையிலிருந்து ஒரு தம்பி விறுவிறுவென்று வந்தார். "இந்த மஞ்ச ஓடு வேல யாரு பாத்தது?" நான் கழுத்து ஐடி கார்டை நேராக்கிக்கொண்டு, "நான்தாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைப்பு.

அவர் பின்னாலேயே அந்த நீலப் புடவை அக்கா. கையில் வெள்ளைக் கம்பு.

வெற்றிச்செல்வி என்று பெயர். என்னை மாதிரியே பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே பேங்கில் வேலை பார்க்கிறார்கள். பார்வை சுத்தமாகக் கிடையாது. கத்தியது தம்பி முத்துவேல். அக்கா கத்தவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"பட்டை இருந்தா நேரா போன்னு அர்த்தம். புள்ளி இருந்தா நில்லுன்னு அர்த்தம்" என்றார்கள். "உங்க ரோடு ஒவ்வொரு எட்டுக்கும் நில்லுங்குது. நானும் நல்ல புள்ளயா நின்னு நின்னு பாத்தேன். பின்னாடி வர்றவங்க இடிச்சுட்டு திட்டறாங்க. சரி, இது சும்மா சொல்லுதுன்னு நடந்துட்டேன். முனையிலயும் சும்மாதான் சொல்லுதுன்னு நெனச்சேன்."

முனையில் நடைபாதை முடிகிறது. அதற்கப்புறம் ரோடு. சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற டிப்பர் ஒன்று வந்திருக்கிறது. தம்பி கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயையோ, எனக்குத் தெரியாதுங்க." ஐடி கார்டுலதான் இன்ஜினியர்னு எழுதி ஒட்டியிருக்கே.

ஜூன் 12, வியாழன்

போனில் தேடினேன். முதல் பக்கத்திலேயே படம் போட்டு விளக்கியிருக்கிறான். நாள் பூரா ரீல்ஸ் தள்ளத் தெரிந்த விரலுக்கு இதைத் தட்டத் தெரியவில்லை.

சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டில் நடந்து பார்த்தேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஒரு கண்ணைத் திறந்துவிட்டேன். பழக்கடைக்காரர், "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டு ஒரு சாத்துக்குடி கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

அரியமுத்து சாரிடம் சொன்னேன். "ஊரே போட்டோ புடிக்குது. இதப் போயி உடைக்கச் சொல்றியே, உனக்குக் கிறுக்கா? பேசாம இரும்மா, யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்க மாட்டார்கள்தான். பேசாமல் இருந்தால் எனக்கு வேலையும் இருக்கும், பேரும் இருக்கும். ரெண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பெருமையாக எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

பெரம்பலூரில் பஸ் ஏறினால், முன் சீட்டில் அவர்கள். தம்பி பின்னால் நின்றிருந்தார். பார்க்காத மாதிரி பின்பக்கம் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவர்களுக்கு எப்படியும் தெரியாதே என்று. இப்படி ஒரு புத்தி எனக்கு. தம்பிதான் பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண்ணை மூடி நடந்த கதையைச் சொன்னேன். நல்ல பேர் வாங்கத்தான்.

அக்கா சிரித்துவிட்டார்கள். "கண்ண மூடுனா இருட்டுதான் தெரியும் பிரவீணா. எனக்கு இருட்டு பிரச்சினை இல்ல, உங்க ஓடுதான் பிரச்சினை."

அப்புறம் தானாகவே சொன்னார்கள். தினமும் தம்பிதான் கூட வந்து பேங்க் வாசலில் விட்டுவிட்டுப் போவார். அவருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. ஜூலை ஒன்றாம் தேதி சேரணும். பஸ்ஸில் ஏற்றிவிட வீட்டில் ஆள் உண்டு. இங்கே இறங்கினால் ஆள் இல்லை. அதனால்தான் இத்தனை நாளாகத் தம்பியைப் பின்னால் விட்டுத் தனியாக நடந்து பழகியது.

"டிப்பர் விஷயம் அம்மா காதுக்குப் போயிடுச்சு. லீவு போட்டுட்டு வூட்டுல இருங்குது. மொதல்ல லீவும்பாங்க. அப்புறம் வேலைய விடும்பாங்க. ஒருத்தர் கையப் புடிக்காம நான் போற ஒரே எடம் அந்த பேங்குக்குள்ளதான். அதயும் விட்டுட்டு என்ன பண்றது?"

இறங்கும்போது அழுகை வந்தது. அழுது என்ன ஆகப்போகுது, ஓடா பேந்து வரும்?

ஜூன் 17, செவ்வாய்

அரியமுத்து சாரைத் தாண்டி, இந்த வேலையைப் பாஸ் பண்ணிய சர்க்கார் இன்ஜினியர் சுகன்யா மேடத்திடம் நேராகப் போய்ச் சொன்னேன். நான் போட்டது தப்பு, ஒருத்தர் லாரியில் மாட்ட இருந்தார், பிரித்துப் போடணும்.

மேடம், "நானும் வந்து பாத்தேனேம்மா. அழகா இருக்குன்னு செல்பி எடுத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

ரெண்டு இன்ஜினியர், ஒரு கோலம். சாயங்காலமே பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

அரியமுத்து சாரின் ஏச்சு. எழுதினால் தாள் கிழிந்துவிடும். கடைசியில், "இந்த வேல முடியட்டும், அப்புறம் உன்னப் பாத்துக்கறேன்" என்றார். சரிங்க சார் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

பூக்களை உடைக்க ஆரம்பித்தோம். ஜவுளிக்கடை முதலாளி குறுக்கே வந்து நின்றார். "ஆடி வருது, வாசல்ல கோலத்த அழிக்கிறீங்களே, நல்லாவா இருக்கும்?" அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சாமிதுரை அண்ணன் ரெண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டை ஓட்டை நேராக வைத்துக்கொண்டே, "பூ மாதிரி இருந்துச்சு. இப்ப தண்டவாளம் மாதிரி இருக்கு" என்றார். ஆமாண்ணே, ரயில் ஒழுங்காப் போகணுமில்ல என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

அக்காவை வரச்சொல்லி நடக்கவிட்டோம். கூடவே இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் சுகன்யா மேடமும், சாமி ஊர்வலம் மாதிரி. பட்டை நேராகப் போகிறது. புள்ளி, திரும்பும் இடத்திலும் முனையிலும் மட்டும். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்துகொண்டு வந்தது. நான் மானசீகமாக மாலை வாங்கிக்கொண்டேன்.

டங்கென்று கம்பு எதிலோ முட்டியது. எங்கள் சிமெண்ட் மூட்டை. நான்தான் நேற்று, மஞ்சள் கோடு நேராக இருக்கிறதே என்று, அதன் மேலேயே வரிசையாக அடுக்கச் சொன்னேன்.

"ஓடு நல்லாருக்கு" என்றார்கள் அக்கா. "அது மேல எதுவும் நிக்காம இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

சாமிதுரை அண்ணன் இப்போது சிரித்தார்.

ஜூன் 30, திங்கள்

நாளைக்கு முத்துவேல் வேலைக்குச் சேர்கிறார். அக்கா லீவு போட்டார்களா இல்லையா தெரியவில்லை. போன் பண்ணிக் கேட்கத் தைரியம் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

முந்தின பஸ்ஸிலேயே வந்து முனைக்கிட்டப் போய் நின்றுவிட்டேன். அக்கா வந்தால் வீடியோ எடுக்கணும், ஸ்டேட்டஸ் போடணும். பட்ட பாட்டுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

வந்தார்கள். தனியாக. அதே நீலப் புடவை. போனைத் தூக்கிப் பிடித்து, முழு உருவமும் தெரியட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து நடுவே வந்திருக்கிறேன்.

கம்பு என் காலில் தட்டியது.

"யாருங்க, வழியில?"

"அக்கா, நான்தான்..."

"பிரவீணாவா? நீங்களே ஓட்டு மேல நின்னா எப்படி? நகருங்க, பேங்குக்கு நேரமாச்சு."

நகர்ந்தேன். முனையில் புள்ளி ஓட்டில் நின்றார்கள். ஒரு டிப்பர் போனது. அது போய், சத்தம் அடங்கி, அப்புறமும் கொஞ்சம் நின்றார்கள். பிறகு கடந்து போய்விட்டார்கள். திரும்பி ஒரு வார்த்தை இல்லை.

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என் செருப்பும் மஞ்சள் ஓடும்தான் விழுந்திருக்கிறது. மற்றபடி, நகருங்க என்று ஒரு குரல். ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை கேட்டேன்.