வேர்ப் பொட்டலத்தில் ஏழு கிராம்

மார்ச் 4
ஒரகடம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வாரம் ஐம்பது கிராம் நெல் வேர். என் ஷெட்டில் தட்டில் வளர்த்து, கழுவி, நறுக்கி, ஐஸ் பெட்டியில் அனுப்பவேண்டும். கம்பெனிகளுக்குப் புல்தரை போடுகிறவனிடம் வேரை மட்டும் கேட்கிறார்கள். கேட்டால் கொடுப்போம்.

இன்று 43 கிராம்தான் தேறியது. அங்கே ஸ்டோர் பார்க்கும் பகலவன், முன்பு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தவன், திருப்பி அனுப்பிவிட்டான். "அம்பது இல்லன்னா ரிட்டர்ன்தான் அண்ணாச்சி. உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. எடைதான்."

எடைதானே?

மார்ச் 11
மறுபடி 43. இளம் இலையின் அடிப்பகுதி வெள்ளையாகத்தான் இருக்கும். ஏழு கிராம் நறுக்கிப் போட்டேன். வேர் நறுக்கும் மாடத்தி முறைத்தாள். "வேருதான கேட்டிருக்காவ? எலையப் போடுதியளே!"

"ஒரே செடிதான பிள்ள. பக்கத்து வீட்டுச் செடியவா போட்டேன்?"

பகலவன் தராசைப் பார்த்தான். முத்திரை குத்தினான். இனி வாராவாரம் இப்படித்தான்.

மே 7
ஆராய்ச்சி நடத்தும் எழிலரசி மேடம் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். பயமாக இருந்தது.

கம்ப்யூட்டரில் புள்ளிக் கூட்டங்கள். ஒரு புள்ளி ஒரு செல். எல்லாச் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றேதானாம். எந்தச் செல்லில் எது வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் இது வேர்த்தூவி, இது நீர் ஏற்றும் குழாய் என்று பெயர் வைப்பார்கள். அப்படிக் காட்டிக்கொடுப்பது அடையாள மரபணு. புரிந்தது. இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனி பஸ்ஸில் சட்டை நிறத்தை வைத்தே வெல்டிங்கா பெயிண்டா என்று நான் சொல்வதில்லையா?

ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டத்தைக் காட்டினார். "இலையில மூச்சுத் துளை செய்யற செல்லோட மரபணு, அண்ணாச்சி. ஒண்ணு இல்ல, மூணு! வேர்ல! வாராவாரம் வருது. உலகத்துல யாருமே பார்த்ததில்ல."

நான் பார்த்திருக்கிறேன். மார்ச் 11, காலை பத்தரை.

மே 9
இருபத்தொன்றாம் தேதி ஹைதராபாத் மாநாட்டில் பேசப்போகிறாராம். மூன்று வருட உழைப்பு. எனக்கு நன்றி வேறு சொல்வாராம்!

நான் உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும். கம்பெனிகளில் பரவினால் புல்தரையும் போகும். சொல்லாவிட்டால் — அந்தப் பொண்ணு அத்தனை பேர் முன்னாடி நின்னு, வேர் மூச்சு விடுதுன்னு சொல்லும்.

மாடத்தி சொல்லிவிட்டாள்: "நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

இருபது வருஷம் எந்த இன்ஸ்பெக்டரும் என்னைப் பிடித்ததில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று பிடித்துவிட்டது.

மே 12
சொன்னேன், மாடத்தி முறைத்ததையும் சேர்த்து. மேடம் திரையில் அந்தச் சின்னக் கூட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரித்தார். நிறுத்தவே இல்லை. பிறகு பார்த்தால் அழுகை.

"எவ்ளோ போட்டீங்க?"

"ஏழு கிராம், மேடம்."

"எடை கரெக்டா இருந்திச்சி மேடம்," என்றான் வாசலில் நின்றிருந்த பகலவன்.

"நீங்க கொஞ்சம் வெளிய போங்க பகலவன்."

மே 13
ஆர்டர் நிறுத்தம்.

ஜூன் 18
எழிலரசி மேடம் போன். மாநாட்டில் இதைத்தான் பேசினாராம்: நம்பி வாங்கிய வேரில் இலை கலந்திருந்ததை அடையாள மரபணுக்கள் காட்டிக்கொடுத்ததை. கைதட்டினார்களாம். எவ்வளவு இலை என்பதையும் மரபணு சொல்லிவிடுமா என்று சோதிக்க இப்போது பத்துப் பொட்டலம் வேண்டும். இலை கலந்தது. எதில் எவ்வளவு என்று அவருக்கே தெரியக்கூடாது. எழுதி உறையில் போட்டு ஒட்டித் தரவேண்டும்.

மாலையில் ஆர்டர் தாள் வந்தது. பொருள் என்ற இடத்தில் பகலவன் கையெழுத்து: "கலப்படம் — 10 பொட்டலம்." கீழே மேடம் எழுதிய நிபந்தனை: கலப்பது மாடத்தி மட்டும்.

ஜூன் 20
மாடத்தி ஷெட்டை உள்ளே தாழிட்டுக்கொண்டு எடை போடுகிறாள். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.