தொலைநோக்கிக்குச் சுற்றிய புடவை

ஜலஜா,

நேற்று ஆந்தி என்கிற புழுதிக்காற்றில் நம் தொலைநோக்கி சாய்ந்தபோது தோட்டத்தில் இருந்தவர்கள் நான், நீ, என் பிள்ளை சேஷு, பக்கத்து வீட்டு கபூர் மாமி.

இன்று குழாயைத் தாழ்த்தி, முக்காலியை மணல் மூட்டைகளோடு கட்டியிருக்கிறேன். கயிறு போதவில்லை, வாங்கப் போகிறேன். அதற்குள் காற்று எழுந்தால் தொலைநோக்கியின்மேல் எதையும் போர்த்தாதே. “அப்பா, அம்மாவோட ஒன்பது கஜப் புடவை காத்துல உப்பிண்டு, எல்லாத்தையும் இழுத்துடும்” என்று நேற்றே சொன்னாய்.

ஏழு மணிக்கு என் பழைய ஆபீஸ்காரர்கள் வால்நட்சத்திரம் பார்க்க வருகிறார்கள். சுண்டல் போதும்.

நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

பின்குறிப்பு: மருமகள் நீ போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டதாகக் கபூர் மாமி எல்லோரிடமும் சொல்கிறாள். நேற்று அவள் என்னிடம் அப்படித்தானே என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் நானே சொல்வேன். முடிச்சு அவிழவில்லை. புடவையைச் சுற்றிக் கட்டியது நான்.