கட்டத்துக்குள் அடங்காத மாத்திரை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவையும் சேர்த்து எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, அதனால் உட்கார்ந்து படி. வீட்டில்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், என்னைக் கிண்டலும் செய்கிறார். ஆனால் ரத்தம் கெட்டியாகியிருக்கிறது. போன வாரப் பரிசோதனையில் தெரிந்தது. இதயத்தில் வைத்த புது வால்வில் ரத்தக் கட்டி சேர்ந்தால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ரத்தம் கெட்டியாகாம இருக்கிற மாத்திரையை விட்டீங்களா என்று கேட்டார், ஒரு நாளும் விடவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

விட்டிருக்கிறோம். அதுவும் நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த காலண்டரைப் பார்த்துப் பார்த்தே விட்டிருக்கிறோம். எனக்குக் கடையில் மாலை ஷிஃப்ட் என்பதால் ராத்திரி மாத்திரையை உன் அத்தை வந்து கொடுக்கிறாள். ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் அரை என்று மாறி வருவதால் நான் அதைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் கொடுப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவளைக் கேட்டேன். தாள்ல சில நாளுக்கு மாத்திரையே போடலையே அண்ணி, நான் என்ன டாக்டரா, அதுக்கும் லீவு விட்டிருக்காங்கன்னு நினைச்சேன் என்றாள். சுள்ளென்று கோபம் வந்தது. தாளைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதில் எல்லா நாளும் மாத்திரை இருந்தது.

திரையில் இருப்பது தாளில் இல்லை. தோளில் மாட்டிய பையைக் கழற்றவும் தோன்றாமல் நின்றேன். மை தீர்ந்துவிட்டதோ என்று புது மை போட்டேன், எழுத்து கறுப்பாக வந்தது, மாத்திரை வரவில்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டேன். தாள் மாட்டிக்கொண்டது. எனக்கு வர்ற அடைப்பு உன் மெஷினுக்கு வந்துடுச்சு, நல்லதுதான் என்றார் அப்பா கட்டிலிலிருந்து. நான் சிரிக்கவில்லை. கையால எழுதி ஒட்டித் தொலைங்களேன் என்றாள் அத்தை. அன்றைக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் காரணம் தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அங்கிருந்து காலண்டரில் அளவை மாற்றுவது நீ, தாளில் எடுப்பது நான், கொடுப்பது அவள். நடுவில் எங்கே நழுவியது?

மறுநாள் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். குறிப்புகள் கூட்டமாக இருந்த நாட்களில் மட்டும் மாத்திரை இல்லை. திரையில் அந்தக் கட்டங்களின் அடியில் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ‘இன்னும் 2’ என்று இருந்தது. அழுத்தினால் விரிகிறது, உள்ளே மாத்திரை. பழைய தாளில் மை மங்கி அந்தச் சாம்பல் எழுத்துகூட விழவில்லை. புதுத் தாளில் விழுந்திருந்தது. என்ன நினைத்தேனோ, அதை விரலால் அழுத்திப் பார்த்தேன். தாள்.

முன்பு சனிக்கிழமை ஓரத்தில் வெட்டுப்படுகிறது என்று தாளைப் படுக்கைவாட்டில் திருப்பி எடுத்தேனே, உன்னிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். அதில் கட்டம் குள்ளமாகிவிட்டது. அதே சமயத்தில்தான் நீயும் காலண்டரில் அப்பாவுக்கு எழுத ஆரம்பித்தாய். அப்பா நடந்தீங்களா. தண்ணி குடிச்சீங்களா. இன்னைக்கு யாரைத் திட்டினீங்க. எல்லாம் காலைக்கும் மத்தியானத்துக்கும் போட்டவை. காலண்டர் நேர வரிசைப்படி அடுக்குகிறது, ராத்திரி மாத்திரை கடைசி, அதற்கு இடமில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, தாளைத் திருப்பியது நான். இப்போது வாரத்துக்கு ஒரு தாள் எடுக்கிறேன், கட்டங்கள் நீளமாக வருகின்றன. ஒட்டும் முன் அத்தை தாளைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறாள், நான் திரையில் சரிபார்க்கிறேன். உன் குறிப்புகளையெல்லாம் நீக்கிவிட்டேன். இனி எந்தக் கூட்டத்தையும் நான் நம்புவதாக இல்லை.

இவ்வளவு எழுதியபோது லேப்பிலிருந்து போன் வந்தது. இந்த வாரம் எடுத்த ரத்தத்தில் இளகும் அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதாது. டாக்டரம்மா போடச் சொன்ன ஊசி தொடர வேண்டும், வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். புதுத் தாள். மாத்திரை, ஊசி, வேறொன்றும் இல்லை. நெடுநேரம் பார்த்தார். பிறகு, என்னிடம் இல்லை, அத்தையிடம் கேட்டார், பொண்ணுக்கு நம்ம மேல ஏதும் வருத்தமா, ஒண்ணுமே எழுதலையே என்று. இத்தனை நாளும் அந்தத் தாளின் முன்னால் நின்று உன் கேள்விகளுக்கெல்லாம் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். நடந்தேன்மா. குடிச்சேன்மா. அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான்தான் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லையே.

எந்தக் குறையும் இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நினைப்பது நடக்கட்டும். காலண்டரில் மட்டும் இனி எதுவும் எழுதாதே. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவரைக் கூப்பிடு. ரத்தத்தைப் பற்றிக் கேட்காதே. நடந்தாரா என்று கேள்.

அன்புடன்,
அம்மா